புது அபார்ட்மென்ட் வந்தால் ஸ்கூல் நிரம்பிவிடுமா? மான்ட்கோமரி கவுண்டியில் இருக்கும் வழிகள்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) எங்கேயாவது காலி மனையில் 'இங்கே குடியிருப்பு வரப்போகிறது' என்று மஞ்சள் பலகை நட்டால் போதும், அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்துவிடும். "அண்ணா, இதுல பாதி அஃபோர்டபிள் யூனிட்டாமே, நம்ம ஸ்கூல் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்பார். "பாதி இல்லப்பா, சட்டப்படி நூத்துக்குப் பதிமூணு, பதினஞ்சு" என்று இன்னொருவர் திருத்துவார். அஃபோர்டபிள் யூனிட் என்றால் மிதமான வருமானக் குடும்பங்களுக்கென்று விலையைக் குறைத்து ஒதுக்கும் வீடு. அதற்குள் மூன்றாமவர் பள்ளி எல்லை மாறப்போகிறது என்று வதந்தியைக் கிளப்பியிருப்பார்.

ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க், கெய்தர்ஸ்பர்க் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் பிள்ளை போகும், வீட்டின் விலையே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் பள்ளி நிரம்பும்போது கவுண்டியும் பள்ளி வாரியமும் செய்யக்கூடிய காரியங்கள் ஐந்தாறு இருக்கின்றன. நம் கூட்டங்களில் பேச்சுக்கு வருவது அதில் ஒன்றே ஒன்றுதான்: வீடு கட்டுவதை நிறுத்து. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

கட்டுமானத்தை முடக்குவது

இந்த வழியை மான்ட்கோமரி உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறது. ஒரு உயர்நிலைப் பள்ளியும் அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் கீழ்ப் பள்ளிகளும் சேர்ந்ததை இங்கே கிளஸ்டர் என்பார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்தக் கிளஸ்டர் 120 சதவீதத்தைத் தாண்டி நிரம்பும் என்று கணக்கு சொன்னால், அந்தப் பகுதியில் புதுக் குடியிருப்புத் திட்டங்களுக்கு ஒரு வருஷம் அனுமதி கிடையாது என்பது விதி. 2019-ல் சில்வர் ஸ்பிரிங் வட்டாரம் இதில் மாட்டியது. மெட்ரோ ரயில் ஓடும் இடம், பஸ் போகும் இடம், கார் இல்லாமல் பிழைக்கக்கூடிய இடம். கவுண்டியில் வேறு எங்கே கட்டினாலும் கட்டலாம், இங்கேதான் முதலில் கட்ட வேண்டும் என்று சொல்லத்தக்க பகுதியில் கதவைச் சாத்தினார்கள்.

சரி, பள்ளி காலியானதா? இல்லை. காரணம் என்ன என்று கவுண்டியின் திட்டமிடல் துறை பார்த்தபோது தெரிந்தது இது: மாணவர் எண்ணிக்கை ஏறியதற்குப் பெரும் பங்கு புதுக் கட்டிடங்களிடம் இல்லை, ஏற்கெனவே இருக்கும் வீடுகள் கைமாறியதில் இருந்தது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 200 வீடுகள் கொண்ட புது அபார்ட்மென்ட் வருகிறது, அதில் 15 சதவீதம், அதாவது 30 வீடுகள் கட்டுப்படியான விலை வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மூன்று படுக்கையறை வீடுகளும் இருக்கும், பிள்ளைகள் கூடுதலாகத்தான் வருவார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு பள்ளிப் பிள்ளை என்றே தாராளமாகப் போடுவோம். 30 பிள்ளைகள். கிண்டர்கார்டன் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதின்மூன்று வகுப்புகளில் பிரித்தால் வகுப்புக்கு இரண்டு, மூன்று பேர். அதுவும் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என்று மூன்று கட்டிடங்களில்.

இப்போது அதே தெருவுக்குப் பின்னால் 1970-களில் கட்டிய 600 தனி வீடுகளைப் பாருங்கள். பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டுக் கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் பல. வருஷத்துக்கு இருபதில் ஒன்று விற்பனைக்கு வந்தால் 30 வீடுகள். வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு இரண்டிரண்டு பிள்ளைகள் என்றாலும் 30 பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அபார்ட்மென்ட் ஒரே ஒரு தடவை கொண்டுவந்த எண்ணிக்கையை இந்தத் தெருக்கள் வருஷா வருஷம் கொண்டுவருகின்றன. இந்தக் கைமாற்றத்துக்கு எந்த மஞ்சள் பலகையும் கிடையாது, பொது விசாரணையும் கிடையாது. 'விற்பனைக்கு' என்ற சின்னப் பலகை இரண்டு வாரம் இருக்கும், அப்புறம் பின்கட்டில் பிள்ளைகள் குதிக்கும் ட்ராம்போலின் வரும்.

அந்தப் பிள்ளைகள் யார் என்று கேட்டால் கொஞ்சம் சங்கடம்தான். பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள். முதலில் ஜெர்மன்டவுனில் வாடகை அபார்ட்மென்ட், பிறகு டவுன்ஹவுஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு), அப்புறம் தனி வீடு என்று ஏறி வந்த குடும்பங்கள். அபார்ட்மென்டில் இருந்தபோது நம் பிள்ளையும் அந்தப் பள்ளிக்குக் கூடுதல் பாரம்தான். டவுன்ஹவுஸ் சாவியை வாங்கிய மறுநாளே 'அபார்ட்மென்ட் பிள்ளைகள்' என்று பேச ஆரம்பிப்பது எனக்கு ஒப்பவில்லை.

2020 நவம்பரில் கவுண்டி கவுன்சில் இந்த முடக்கத்தைக் கவுண்டியின் பெரும்பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. புதுக் கொள்கையில் கவுண்டியை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: ஏற்கெனவே நெருக்கமான இடத்தில் இடைவெளி நிரப்பும் பகுதி, வீடு கைமாறுவதால் பிள்ளைகள் கூடும் பகுதி, வெற்று நிலத்தில் புதிதாக ஊர் எழும் பகுதி. இதில் கடைசி வகைக்கு மட்டும் முடக்கம் நியாயம் என்று ஒத்துக்கொள்ளலாம். சோளக்கொல்லை இருந்த இடத்தில் ஆயிரம் டவுன்ஹவுஸ் எழுந்தால் பிள்ளைகள் அங்கிருந்துதான் வருவார்கள், சந்தேகமில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி எழுந்த ஊர்களில் பள்ளியை நிரப்பியவை மலிவு வீடுகள் அல்ல, முழு விலை கொடுத்து வாங்கிய டவுன்ஹவுஸும் தனி வீடும்தான். நூறு தனி வீடுகளிலிருந்து நாற்பது, ஐம்பது பிள்ளைகள் வருவார்கள். உயர அடுக்கு அபார்ட்மென்டில் நூறு வீட்டுக்கு அதில் பாதிகூடத் தேறாது.

போர்ட்டபிள்

பள்ளிக்குப் பின்னால் தார்ப்பரப்பில் வரிசையாக நிற்கும் தகரப் பெட்டி வகுப்பறைகள். மான்ட்கோமரியில் சில நூறு இருக்கின்றன. ஒரு கோடை விடுமுறைக்குள் கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்பது ஒன்றே இதன் பெருமை.

ஒரு போர்ட்டபிள் பக்கம் ஜனவரியில் போய்ப் பாருங்கள். மரச் சரிவுப் பாதையில் உப்புத் தூவியிருப்பார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை கழிப்பறைக்குப் போக ஜாக்கெட்டை மாட்டி, துணைக்கு இன்னொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பிரதானக் கட்டிடத்தின் பக்கவாட்டுக் கதவில் யாராவது திறக்கும்வரை நிற்கும். ஹீட்டர் ஓடினால் டீச்சர் குரல் கேட்காது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவைதான், இரண்டு மூன்று வருஷத்துக்கு. ஆனால் பத்துப் பெட்டிகள் வந்தாலும் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான், ஜிம் ஒன்றுதான். காலை பத்தரைக்கே மதியச் சாப்பாடு ஆரம்பிக்கும் பள்ளி என்றால் நெரிசல் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். அதைப் போர்ட்டபிள் தொடவே இல்லை.

கட்டுவது

எல்லாரும் கைதட்டும் வழி. அதற்குத் தடையாக நிற்பவை பணமும் நேரமும்.

உயர்நிலைப் பள்ளி ஒன்று இப்போது கிட்டத்தட்ட 20 கோடி டாலரைத் தொடுகிறது. பணம் மூன்று நான்கு பக்கமிருந்து வருகிறது: மாநில உதவி, கவுண்டியின் கடன் பத்திரம், புது வீடுகளால் பள்ளிக்கு வரும் சுமைக்காக பில்டர் செலுத்தும் பள்ளித் தாக்க வரி, வீடு விற்கும்போது பதிவில் பிடிக்கும் வரி. 2020 கொள்கை, முடக்கத்துக்குப் பதிலாக ஒரு கூடுதல் கட்டணத்தைக் கொண்டுவந்தது. பள்ளி 105 சதவீதம் நிரம்பினால் ஒரு படி, 120-ல் அடுத்த படி, 135-ல் அதற்கும் மேல் என்று நெரிசல் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். கட்டுப்படியான விலை வீடுகளுக்குத் தாக்க வரி கிடையாது. அதைக் காட்டி 'ஓசியில் வருகிறார்கள்' என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. அந்த வீடுகளைக் குறைந்த விலைக்குக் கட்டிக் கொடுப்பதே பில்டர் ஏற்கும் ஒரு வரி மாதிரிதான், அதன் மேல் இன்னொன்று போட்டால் கட்டவே மாட்டார்.

இந்த நான்கில் எனக்குப் பிடித்தது பதிவு வரி. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது வீடு கைமாறுவது என்றால், பணமும் அந்தக் கைமாறலிலிருந்தே வருவதுதான் பொருத்தம். 2023-ல் கவுண்டி இந்த வரியை உயர்த்தியது. வீட்டு ஏஜென்டுகள் கூச்சல் போட்டார்கள். வாங்குபவனுக்கு வலிக்கும்தான், ஆனால் வலிக்க வேண்டிய இடம் அதுதான்.

நேரத்துக்கு வருவோம். கிளார்க்ஸ்பர்க் 1994-ல் போட்ட மாஸ்டர் பிளானில் பிறந்த புறநகர். நெடுஞ்சாலை 270-ஐ ஒட்டிச் சின்னக் கிராமமாக இருந்த இடம். உயர்நிலைப் பள்ளி 2006-ல் திறந்தது. வில்சன் விம்ஸ் தொடக்கப் பள்ளி 2014-ல் திறந்து, சில வருஷங்களுக்குள் நிரம்பி வழிந்தது. ஹாலி வெல்ஸ் நடுநிலைப் பள்ளி 2016. ஸ்னோடன் ஃபார்ம் தொடக்கப் பள்ளி 2019. கேபின் பிராஞ்ச் தொடக்கப் பள்ளி 2023. சில வருஷத்துக்கு ஒரு பள்ளி திறந்துகொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் முன்னால் வந்து நிற்கிறார்கள், கட்டிடம் பின்னால் வருகிறது.

மறுபக்கமும் உண்டு. மாணவர்கள் குறைந்த எண்பதுகளில் இதே கவுண்டி பள்ளிகளைப் பூட்டியது. ராக்வில்லில் வுட்வர்டு உயர்நிலைப் பள்ளியை 1987-ல் மூடினார்கள். பிறகு கோடி கோடியாகக் கொட்டி அதே இடத்தில் புதுக் கட்டிடம் எழுப்பி, 2024-ல் நார்த்வுட் பள்ளியின் பிள்ளைகளைத் தற்காலிகமாக அங்கே குடிவைத்தார்கள். 2019-ல் கவுண்டியின் மாணவர் எண்ணிக்கை 1,65,000-ஐத் தாண்டியிருந்தது, கோவிடுக்குப் பிறகு சில ஆயிரம் இறங்கியிருக்கிறது. ஆகவே 'இன்னும் நாலு பள்ளி கட்டு' என்பதற்கு முன்னால், பக்கத்துப் பள்ளியில் காலி நாற்காலி இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். அங்கேதான் சண்டையே.

எல்லையை மாற்றிப் போடுவது

நெரிசலைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. மக்கள் இவ்வளவு வெறுக்கும் வழியும் கிடையாது.

வாரியத்தின் விதிப்படி எல்லை போடும்போது நான்கைப் பார்க்க வேண்டும்: மாணவர்களின் பின்னணி, தூரம், அடிக்கடி மாற்றாமல் இருப்பது, கட்டிடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. 2018-ல் முதல் அம்சத்துக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்துத் திருத்தினார்கள். அதாவது, ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் கலந்து படிக்கும்படி பார்க்க வேண்டும் என்று.

அடுத்த வருஷமே சோதனை வந்தது. கிளார்க்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி நிரம்பி வழிந்தது. தெற்கே ஜெர்மன்டவுனில் செனெகா வேலி உயர்நிலைப் பள்ளியைப் பெரிதாக இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே இடம் ஏராளம். கிளார்க்ஸ்பர்க் பிள்ளைகளில் ஒரு பகுதியை அங்கே மாற்றலாம் என்றது வாரியம். செனெகா வேலியில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பங்கு அதிகம். கிளார்க்ஸ்பர்க்கிலோ ஆசியக் குடும்பங்கள் அதிகம், நம்மவர்களும் அதில் கணிசம். அப்புறம் கேட்க வேண்டுமா? கூட்டம் கூட்டமாகப் போனார்கள், பதாகை பிடித்தார்கள், பல மாதம் கொதித்தது. 2019 நவம்பரில் வாரியம் மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டது. 2020-ல் புதுக் கட்டிடம் தயாரானபோது கோவிட். யார் எந்தப் பள்ளி என்று அவ்வளவு சண்டை போட்ட பிள்ளைகள், அந்த இலையுதிர் காலத்தில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. பஸ் பயண நேரம், அண்ணன் ஒரு பள்ளி தம்பி ஒரு பள்ளி ஆவது, வீடு வாங்கும்போது பார்த்த பள்ளி கைநழுவுவது, எல்லாம் நிஜமான இழப்புகள். இன்னொரு வகைப் பேச்சும் இருந்தது. 'நாங்கள் உழைத்து இந்த எல்லைக்குள் வீடு வாங்கினோம்' என்ற அந்த வாதம் எல்லையைச் சொத்துப் பத்திரத்தின் பகுதியாக நினைக்கிறது. எந்த வீட்டுப் பத்திரத்திலும் பள்ளியின் பெயர் இல்லை.

எல்லை மாற்றத்தில் என் கணிப்பு இது: தனியாகச் செய்தால் கசப்பு, புதுக் கட்டிடம் திறக்கும் நாளோடு சேர்த்துச் செய்தால் தாங்கிக்கொள்ளலாம். செனெகா வேலியில் அதைத்தான் செய்தார்கள், அந்த வகையில் சரி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே சேர்ந்தவர்களை அதே பள்ளியில் தொடரவிட்டால் பாதிச் சூடு தணிந்துவிடும். ஒவ்வொரு ஐந்து வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதைவிட, பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை பெரிதாக மாற்றிவிட்டுச் சும்மா இருப்பது நல்லது.

வீட்டையே பரப்பி வைப்பது

இந்த வழியைப் பள்ளி வாரியம் எடுக்க முடியாது, கவுண்டிதான் எடுக்க வேண்டும். எடுத்தும் இருக்கிறது, 1974-லேயே. எம்.பி.டி.யூ. (மிதமான விலை வீடுகள்) என்ற சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீடு கட்டும் எந்த பில்டரும் 12.5 முதல் 15 சதவீதம் வரை மிதமான வருமானக்காரர்களுக்கு ஒதுக்கியாக வேண்டும். விற்கும் வீடு என்றால் 30 வருஷம் விலைக் கட்டுப்பாடு, வாடகை வீடு என்றால் 99 வருஷம். அவற்றில் ஒரு பகுதியைக் கவுண்டியின் வீட்டுவசதி ஆணையம் வாங்கி, இன்னும் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம். பொது வீட்டுவசதி என்றாலே ஒரே இடத்தில் குவித்த அடுக்குகள்தான் என்று அமெரிக்கா முழுக்கப் பழகியிருந்த காலத்தில், பெத்தெஸ்டா மாதிரி பணக்காரத் தெருக்களின் நடுவில் இரண்டு மூன்று வீடாகத் தூவினார்கள்.

இதனால் பள்ளியில் என்ன ஆகிறது என்பதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. ராண்ட் நிறுவன ஆய்வாளர் ஹெதர் ஷ்வார்ட்ஸ் 2010-ல் வெளியிட்ட ஆய்வு. ஆணையத்தின் வீடுகளில் வளர்ந்த சுமார் 850 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை, 2001 முதல் 2007 வரையிலான தரவை வைத்துப் பார்த்தார். எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்பது குலுக்கல் மாதிரிதான், எனவே 'அக்கறையான பெற்றோர் நல்ல பள்ளியைத் தேடிப் போனார்கள்' என்று தள்ளிவிட முடியாது. வசதியான பள்ளிக்குப் போன ஏழைப் பிள்ளைகள், தொடக்கப் பள்ளி முடிவதற்குள் கவுண்டியின் வசதியான பிள்ளைகளுடன் இருந்த கணித இடைவெளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், வாசிப்பில் மூன்றில் ஒரு பங்கு.

ஆய்வில் இன்னொரு திருப்பம். அதே காலத்தில் கவுண்டி தன் ஏழைப் பள்ளிகளை 'சிவப்பு மண்டலம்' என்று குறித்து, பிள்ளைக்கு ஏறக்குறைய 2,000 டாலர் கூடுதலாகச் செலவழித்தது. சிறிய வகுப்புகள், முழுநாள் கிண்டர்கார்டன், டீச்சர்களுக்குப் பயிற்சி. அந்தப் பணம் கிடைக்காத 'பச்சை மண்டல'ப் பள்ளிக்குப் போன ஏழைப் பிள்ளைகள், கூடுதல் பணம் கிடைத்த பள்ளியின் ஏழைப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். பணம் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்தத் தெருவில் வீடு கிடைத்தது என்பது அதைவிடப் பலமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

நெரிசல் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதில் லாபம் உண்டு. 30 வீடுகளை ஒரே மூலையில் வைத்தால் ஒரு தொடக்கப் பள்ளி திணறும். பத்துப் பள்ளிகளின் எல்லைக்குள் மும்மூன்றாக வைத்தால் யாருக்கும் தெரியவே தெரியாது, எல்லையைத் தொடவும் வேண்டியதில்லை. குறை என்று சொன்னால் வேகம்தான். பில்டர் கட்டினால்தான் இந்த வீடு வரும். கட்டுமானத்தை முடக்கினால் இதுவும் சேர்ந்து நின்றுபோகும் என்பதை முதல் வழியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்பது

என்னைக் கேட்டால், பரப்பிக் கட்டுவதை அடியில் வைப்பேன், அதன் மேல் கட்டிடமும் எல்லை மாற்றமும் ஒரே நாளில். போர்ட்டபிளுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் சம்மதிக்க மாட்டேன். முடக்கத்தை, வெற்று நிலத்தில் ஊர் எழும் இடத்தில் தவிர, பேச்சுக்கே எடுக்க மாட்டேன்.

இப்போது வீடு தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். இன்றைய எல்லையைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். அந்தப் பள்ளி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது, பக்கத்துப் பள்ளி எத்தனை, கவுண்டியின் ஆறு வருஷக் கட்டுமானத் திட்டத்தில் யாருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று பாருங்கள். 120-ல் ஒன்றும் 80-ல் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எல்லை மாறும், எந்த அபார்ட்மென்டும் வராவிட்டாலும் மாறும். அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்கான வரைவைப் பள்ளிக் கண்காணிப்பாளர் இலையுதிர் காலத்தில் வெளியிடுவார், வாரியம் விசாரணை நடத்தும், கவுன்சில் மே மாதத்துக்குள் முடிவு செய்யும். மஞ்சள் பலகைக்கு நூறு பேர் போகிறோம். பணம் பங்கிடும் இந்த விசாரணைக்கு நம்மவர்களில் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் பெயர் கொடுக்கிறார்கள்.